வாசிப்புச் சவால்: எதை எண்ணுவது?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு இவ்வாண்டு ஒரு வாசிப்புச் சவால் நடத்தலாம் என்ற தீர்மானம் எங்கள் பள்ளியில் ஒரு நிமிடத்தில் நிறைவேறியது. அதை எப்படி நடத்துவது என்ற கேள்விதான் அடுத்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. அதிக நூல்கள் படித்தவருக்குப் பரிசு கொடுக்கலாம் என்றார் ஒருவர். படித்ததைத் தேர்வு வைத்துச் சோதித்த பிறகே பரிசு என்றார் கணக்கு ஆசிரியர். கைப்பேசியில் செயலி இருக்கும்போது நாம் எதற்குப் பதிவேடு சுமக்க வேண்டும் என்று கேட்டார் இளைய ஆசிரியர். எல்லோரும் தினமும் கால் மணி நேரம் வாசித்தால் போதாதா என்றார் தலைமையாசிரியர். படித்ததைப் பேச வைத்தால் போதும் என்பது என் கட்சி. இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர், "எழுத்துக் கூட்டவே தடுமாறுகிற பிள்ளைக்கு இதில் என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டார். கூட்டம் சற்று நேரம் அமைதியானது.

பின்வரும் ஒப்பீடு அந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்து எழுதப்பட்டது. சவால் என்ற பெயரில் நடக்கும் எல்லா முறைகளும் ஏதோ ஒன்றை எண்ணுகின்றன: நூலை, மதிப்பெண்ணை, நிமிடத்தை, சொல்லை. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் குழந்தைகள் பெருக்கித் தருவார்கள் என்பது எங்கள் அனுபவம். ஆகவே, பரிசு என்ன என்று பேசுவதற்கு முன்னால் எதை எண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

யாருக்காக நடத்துகிறோம்

எந்த வகுப்பிலும் மூன்று வகை மாணவர்கள் இருக்கிறார்கள். கடலை மடித்துவந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத் தூக்கிப்போடுபவர்கள் முதல் வகை. எங்கள் பள்ளியின் 96 மாணவர்களில் இவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தடையின்றி வாசிக்கத் தெரிந்தும், பாடநூலைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள் இரண்டாம் வகை. மூன்றாம் வகையினர் ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடும் அளவுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள். ஆசிரியர்களின் பேச்சில் 'மெல்லக் கற்போர்' என்று வழங்கப்படுபவர்கள். முதல் வகையினருக்குச் சவாலே தேவையில்லை. ஆனால் பெரும்பாலான போட்டிகள், யாரும் திட்டமிடாமலேயே, அவர்கள் வெல்வதற்காக அமைந்துவிடுகின்றன. பரிசளிப்பு விழாப் படங்களில் ஆண்டுதோறும் அதே முகங்கள் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நூல்களை எண்ணுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் முறை இது, நடத்துவதற்கும் எளிது. ஆனால் இந்த ஒரே முறைக்குள் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு குணங்கள் இருக்கின்றன என்பதை உலகம் அறிந்த இரண்டு சவால்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். பிரிட்டனில் 1999இல் தொடங்கிய கோடை விடுமுறை வாசிப்புச் சவாலைப் பொது நூலகங்களின் வழியே 'தி ரீடிங் ஏஜென்சி' என்ற அறக்கட்டளை நடத்திவருகிறது. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்த ஆறு நூல்களை விடுமுறைக்குள் படிக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான வடிவம். முடித்தவர்கள் அனைவருக்கும் பதக்கமோ சான்றிதழோ உண்டு. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. துபாயை மையமாகக் கொண்டு 2015இல் தொடங்கப்பட்ட அரபு வாசிப்புச் சவாலோ ஒரு கல்வியாண்டில் ஐம்பது நூல்களைக் கேட்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் மாணவர் சுருக்கம் எழுத வேண்டும். பள்ளி, மாவட்டம், நாடு என்று வடிகட்டி, இறுதியில் அரபுலகம் முழுவதற்கும் ஒருவரை வெற்றியாளராக அறிவிக்கிறார்கள். முன்னது எல்லோரும் எட்டக்கூடிய எல்லைக்கோடு, பின்னது ஓட்டப் பந்தயம். அரபுச் சவால் வாசிப்பை ஊரறிந்த பெருமையாக ஆக்கியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு எது பொருந்தும் என்று கேட்டால் என் விடை ஆறு நூல்களின் பக்கம்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்தியது ஓட்டப் பந்தயம். அதன் பதிவேடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. முதற்பரிசு பெற்ற மாணவன் 61 நூல்கள் படித்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவற்றுள் 44 நூல்கள் பதினாறு பக்கங்களும் பெரிய படங்களும் கொண்டவை. அவன் ஏமாற்றவில்லை, நாங்கள் வைத்த விதியைச் சரியாகப் புரிந்துகொண்டான், அவ்வளவுதான். என்னை உறுத்துவது வேறொரு பக்கம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 240 பக்க நாவல் ஒன்றை மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டு முடித்திருக்கிறாள். அதற்கு அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து அவள் கணக்கிலும் பதினாறு பக்க நூல்கள் வரிசையாக வருகின்றன. பெரிய நூலைத் தொட்ட ஒரே குழந்தையை எங்கள் சவாலே சிறிய நூலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. வேறு சிலரின் சுருக்கங்கள் பின்னட்டை வாசகங்களின் நேரடிப் படி. ஐந்து வாரங்களுக்கான பதிவு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மாலையில் எழுதப்பட்டிருப்பதும் தெரிகிறது.

கணக்கும் இம்முறைக்குச் சாதகமாக இல்லை. எங்கள் ஆறாம் வகுப்பில் நடுத்தரமாக வாசிக்கும் ஒரு மாணவியை மணி பார்த்து வாசிக்கச் சொன்னபோது நிமிடத்துக்கு 60 சொற்கள் வந்தன. பதினாறு பக்கப் படநூல் ஒன்றில் 300 சொற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதை முடிக்க ஐந்து நிமிடம் போதும். அப்படிப்பட்ட ஐம்பது நூல்களை முடித்தவர் மொத்தத்தில் 250 நிமிடங்கள், அதாவது நான்கு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக வாசித்திருக்கிறார். ஐம்பது என்ற எண் காதுக்குத் தரும் நிறைவை அந்த நான்கு மணி நேரம் தருவதில்லை.

சிறிய நூல்களைக் குறைசொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் பள்ளிகளுக்கு வெளியிட்ட சிறு நூல்கள், எங்கள் மூன்றாம் வகை மாணவர்கள் தயங்காமல் கையில் எடுத்த முதல் நூல்கள். ஒரே அமர்வில் முடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியை அவர்களுக்கு வேறெந்த நூலும் அதற்கு முன் தந்ததில்லை. அந்தப் படிநிலைகளின் பயன், குழந்தை அடுத்த படிக்கு ஏறுவதில் இருக்கிறது. எண்ணிக்கைப் போட்டியோ ஏறாமல் நின்ற இடத்திலேயே நிற்பதற்குப் பரிசு கொடுக்கிறது.

மதிப்பெண்ணும் பணமும்

கணக்கு ஆசிரியர் முன்வைத்த முறைக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. அங்கே 1980களில் உருவான 'ஆக்சிலரேட்டட் ரீடர்' என்ற முறையில், ஒவ்வொரு நூலுக்கும் அதன் நீளத்தையும் கடினத்தையும் பொறுத்துப் புள்ளிகள் உண்டு. படித்து முடித்த மாணவர் கணினியில் ஒரு சிறு வினாத்தேர்வு எழுதி அப்புள்ளிகளைப் பெறுகிறார். 240 பக்க நாவலுக்கும் பதினாறு பக்கப் படநூலுக்கும் ஒரே கோடு என்ற அநீதி இதில் இல்லை; படிக்காமல் பதிவேட்டை நிரப்புவதும் கடினம். நூல்களை எண்ணும் முறையின் இரண்டு பெரிய ஓட்டைகளை இது அடைத்துவிடுகிறது என்பதைக் கணக்கு ஆசிரியருக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினாக்கள் இருக்கும் நூல்களுக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். தமிழ்ச் சிறார் நூல்களுக்கு அப்படியொரு வினா வங்கி எங்களிடம் இல்லை. 200 நூல்களுக்கு, நூலொன்றுக்கு ஐந்து வினா என்று தயாரிக்க உட்கார்ந்தால் ஆயிரம் வினாக்கள் எழுத வேண்டும். அதைவிடவும் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. "கதாநாயகனின் மாமா எந்த ஊரிலிருந்து வந்தார்?" என்ற வினாவுக்காகப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்த நூல் இன்னொரு பாடநூல். வளரறி மதிப்பீடு, காலாண்டு, அரையாண்டு என்று தேர்வுகளால் நிரம்பிய ஆண்டில் தேர்வில்லாமல் எஞ்சியிருக்கும் ஒரே மூலையிலும் வினாத்தாளைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கெட்டுவிடும் என்ற வாதம் கூட்டத்தில் எழுந்தது. கொடுக்காவிட்டால் யார் படிப்பார்கள் என்ற எதிர்வாதமும் எழுந்தது. இரண்டுக்கும் ஆய்வு ஆதாரம் உண்டு என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்திய சோதனை உளவியல் பாடங்களில் தவறாமல் இடம்பெறுவது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் கொண்ட குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள்கள் கழித்து, பரிசு ஏதுமில்லாத நேரத்தில் கவனித்தபோது, அப்பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைவாகவே அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, இவர்கள் அனைவரும் முன்பே ஆர்வம் கொண்டிருந்தவர்கள் என்பது. நம் கணக்கில் முதல் வகையினர்.

மறுபுறம், ஹார்வர்டு பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் டாலஸ் நகரப் பள்ளிகளில் நடத்திய சோதனையில், இரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு நூலைப் படித்து அதற்கான வினாத்தேர்வில் தேறினால் 2 டாலர் பெற்றார்கள். ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் 20 நூல்கள். ஆங்கிலத்தில் தேர்வெழுதிய மாணவர்களிடம் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. ஸ்பானிஷ் மொழியில் தேர்வெழுதியவர்களிடமோ அது தெரியவில்லை. மாறாகப் பின்னடைவே பதிவானது. இந்த இரண்டாம் பாதியை நம்மவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரே பரிசு, ஒரே விதி, ஆனால் வீட்டு மொழி வேறான குழந்தைக்கு விளைவு வேறாக இருந்தது. ஆங்கில நூல் படித்தால் இரட்டைக் கணக்கு என்று விதி வைக்கலாமா என்று கேட்ட பெற்றோருக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். தமிழோ ஆங்கிலமோ, குழந்தை எடுக்கும் மொழிக்கு ஒரே மதிப்புதான் இருக்க வேண்டும்.

ஆகவே பரிசு நல்லதா கெட்டதா என்ற கேள்வி தவறாகக் கேட்கப்படுவதாக நினைக்கிறேன். ஏற்கெனவே படிப்பவருக்குப் பரிசு தேவையற்றது, கெடுதலாகவும் முடியலாம். தொடாதவரைத் தொட வைக்க ஒரு சிறு தூண்டுதல் உதவலாம். எழுத்துக் கூட்டுபவருக்கோ, எட்ட முடியாத பரிசை எட்டு மாதம் கண்ணெதிரே தொங்கவிடுவதைப் போலக் கொடுமை வேறில்லை.

செயலி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2022 ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில், தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களின் வழியாக, குழந்தைகளுக்குக் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது. குழந்தை உரக்க வாசிக்க, செயலியிலுள்ள 'தியா' என்ற பாத்திரம் கேட்டுத் திருத்துகிறது. சரியாக வாசித்த சொற்கள் கணக்கில் சேர்கின்றன. எழுத்துக் கூட்டும் குழந்தையைச் சலிக்காமல், முகம் சுளிக்காமல் கேட்கும் ஒரு காது என்ற அளவில் இதற்கு ஈடாக எங்களிடம் எதுவும் இல்லை. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியரால் அது ஆகாது. ஆனால் எட்டாம் வகுப்பு மாணவருக்கு அதிலுள்ள கதைகள் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றுகின்றன. கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. போதாக்குறைக்கு, தமிழில் சொற்களை எண்ணுவதே சிக்கலான காரியம்: 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதும் ஒரு சொல், 'வா' என்பதும் ஒரு சொல். மூன்றாம் வகை மாணவருக்குப் பள்ளியிலேயே, ஆசிரியரின் கைப்பேசியில், வாரம் இருமுறை தனிப் பயிற்சியாக இதை வைத்துக்கொள்ளலாம். சவாலின் அளவுகோலாக வைக்க இயலாது.

நிமிடங்களை எண்ணுவது

ஜப்பானில் 'காலை வாசிப்பு' என்று ஒரு வழக்கம் உண்டு. 1988இல் சிபா மாகாணத்திலுள்ள ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது அது. பாடங்கள் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் பள்ளியே வாசிக்கும். அதன் விதிகள் நான்கு: எல்லோரும் செய்ய வேண்டும், ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும், விரும்பும் நூலை எடுத்துக்கொள்ளலாம், வாசித்தால் மட்டும் போதும். நான்காவது விதிதான் இதன் உயிர். சுருக்கம் எழுத வேண்டியதில்லை, வினா இல்லை, பதிவேடு இல்லை.

இம்முறையின் கணக்கு எளிது. ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து பொங்கல் வரை சுமார் 110 வேலை நாள்கள் கிடைக்கும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஒரு மாணவருக்கு 27 மணி நேரத்துக்கு மேல். நிமிடத்துக்கு 60 சொற்கள் என்ற அதே வேகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்கள். ஐம்பது படநூல்களின் 15,000 சொற்களோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். பெரிய நூலை எடுத்தவருக்கு இதில் நட்டமில்லை, மெதுவாக வாசிப்பவருக்குத் தோல்வி இல்லை. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் மாணவிக்கும், வீட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட யாருமில்லாத மாணவனுக்கும் பள்ளி நேரத்திலேயே வாசிப்பு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பும் எந்தச் சவாலும் வீட்டின் வசதியைத்தான் அளக்கிறது என்பது நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம்.

குறைகளும் சிறியவை அல்ல. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, வழிகாட்டுதலின்றி மாணவர்களை மௌனமாக வாசிக்க விடுவது மட்டுமே சரளத்தை உயர்த்துகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும், ஒருவர் கேட்டுத் திருத்த உரக்க வாசிப்பது பயன் தருகிறது என்றும் முடிவு செய்தது. எங்கள் வகுப்பறையில் ஒரு மாதம் பரிசோதித்தபோதே இதற்குச் சான்று கிடைத்தது. ஏழாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவன் மூன்று நாளும் விண்வெளி பற்றிய நூலின் அதே இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். அதில் பெரிய ராக்கெட் படம் ஒன்று இருந்தது. எழுத்து நான்கே வரி. அவன் பதினைந்து நிமிடமும் அசையாமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். நிமிடத்தை மட்டும் எண்ணினால் அவன் பெயரும் ஒழுங்காகக் கணக்கில் ஏறிவிடும்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'எல்லோரும்' என்ற விதி நமக்கும் பொருந்தும். மாணவர்கள் வாசிக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் கட்டுரை நோட்டுத் திருத்துவதற்கும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்கும் நம் கை நீளும். அது நடக்கும் வகுப்பில் இரண்டாம் வாரத்திலேயே பேச்சுச் சத்தம் தொடங்கிவிடுகிறது.

பேச வைப்பது

நான் கூட்டத்தில் வாதாடியது இதற்காகத்தான் என்பதால் என் சாய்வை வாசகர்கள் கழித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நூலகப் பாடவேளையில் மூன்று மாணவர்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம், தாம் படித்ததைப் பற்றிப் பேசுவார்கள். எழுத வேண்டாம், மதிப்பெண் இல்லை, வீட்டில் பேசும் தமிழிலேயே பேசலாம். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழியில், படித்ததைத் தன் சொல்லில் சொல்வதே புரிதலுக்கான நல்ல சோதனை. பின்னட்டையைப் படியெடுப்பவரால் அதைச் செய்ய முடியாது.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாம்புகளைப் பற்றிய சிறு நூலோடு வந்தாள். நாகமும் சாரையும் இணை சேரும் என்பது பொய், இரண்டும் வெவ்வேறு இனம், வயலில் பின்னிக்கொண்டு நிற்பதாக நாம் பார்ப்பவை பெரும்பாலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள் என்று அந்த நூலில் இருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "எங்க ஆயா இதை ஒத்துக்கவே மாட்டேங்குது" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தன் மாமா கண்ணால் பார்த்ததாக ஒருவன் சத்தியம் செய்தான். பார்த்தது சாரைகளைத்தான், நாகம் என்று எப்படித் தெரியும், படம் எடுத்ததா என்று இன்னொருத்தி மடக்கினாள். மணி அடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அரையாண்டு வரையில் அந்த நூல் பதினான்கு முறை வெளியே போனதை வழங்கல் பதிவேடு காட்டுகிறது. அதற்கு முந்தைய நான்காண்டுகளில் ஒருமுறைகூடப் போகவில்லை. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வகுத்துத் தந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், மூன்றாவது விதியாக 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்றார். அந்த வாசகரைக் கொண்டுவந்து சேர்ப்பதில் இன்னொரு வாசகரின் வாய்க்கு இணையான கருவி இல்லை.

ஆனால் இம்முறையும் தனியே நிற்காது. வாரத்துக்கு மூவர் என்றால் 32 பேர் கொண்ட வகுப்பில் ஒருவருக்கு முறை வரப் பதினோரு வாரம் ஆகும். இடையில் அவர் படிக்கிறாரா என்பது தெரியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பேச எழுந்து நிற்பதற்கு அஞ்சியே நூலைத் தவிர்ப்பதும் நடக்கிறது. எண்ணுவதற்கு எதுவும் இல்லாததால் பெற்றோருக்கும் மேலிடத்துக்கும் காட்ட ஒன்றும் இருப்பதில்லை; அதை அற்பமான குறை என்று தள்ளிவிடப் பள்ளி நடத்துபவர்களால் முடியாது.

பீரோவுக்குள் என்ன இருக்கிறது

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் நூல் வேண்டும். எங்கள் இருப்புப் பதிவேட்டின்படி 640 நூல்கள் உள்ளன. ஒரு சனிக்கிழமை தரையில் பரப்பிப் பிரித்துப் பார்த்தபோது, இந்த வயதினர் தாமாகக் கையில் எடுக்கக்கூடியவை 210 மட்டுமே தேறின. மற்றவை பொது அறிவு வினாவிடைத் தொகுப்புகள், ஒரே அறிவுரை நூலின் பன்னிரண்டு பிரதிகள், பெரியவர்களுக்கான ஆய்வு நூல்கள், காலாவதியான பாடநூல்கள். ஆளுக்கு இருபது நூல் என்று சவால் விட்டிருந்தால் 1,920 முறை நூல் வழங்கியிருக்க வேண்டும். இந்த 210 நூல்களை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. தினமும் கால் மணி நேர வாசிப்புக்கு ஒரே நேரத்தில் 96 நூல்கள் வகுப்பறைகளில் இருந்தால் போதும். மாதமொருமுறை மூன்று வகுப்புகளின் பெட்டிகளையும் மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கு வரும் 'தேன்சிட்டு' இதழ்களும் அதில் சேரும்.

எங்கள் முடிவு

நிமிடத்தை எண்ணுவது, ஆனால் தனி ஆளுக்கு எண்ணாமல் பள்ளி முழுமைக்கும் சேர்த்து எண்ணுவது என்று முடிவானது. எட்டுப் பாடவேளைகளிலும் இரண்டிரண்டு நிமிடம் கழித்ததில் பதினாறு நிமிடம் கிடைத்தது; விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கும் யோசனையை நான் எதிர்த்தேன், உடற்கல்வி ஆசிரியர் என்னைவிட உரக்க எதிர்த்தார். ஒரு மாணவர் ஒரு நாள் வாசித்தால் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உள்ள கண்ணாடி ஜாடியில் ஒரு புளியங்கொட்டை விழும். 96 பேரும் 110 நாளும் தவறாமல் வந்தால் 10,560 கொட்டைகள் சேரும். விடுப்புகளுக்கு இடம் விட்டு, 9,000 எங்கள் இலக்கு. அது 2,250 மணி நேர வாசிப்பு.

எழுத்துக் கூட்டும் மாணவர்கள் பதினேழு பேர். அவர்கள் மௌனமாக வாசிக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தாழ்வாரத்தில் முதல் வகை மாணவர் ஒருவருடனோ ஆசிரியருடனோ உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள். வாசிப்பவருக்கு ஒரு கொட்டை, கேட்டுத் திருத்துபவருக்கும் ஒரு கொட்டை. ஜாடியில் விழுந்த பிறகு எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பெற்றோர் உறுப்பினரின் கேள்விக்கு எங்களால் தர முடிந்த பதில் இதுதான். கால் மணி நேரமும் இணையிணையாகப் பேசிக்கொண்டே கழித்துவிடுவார்களோ என்ற ஐயம் கணக்கு ஆசிரியருக்கு இன்னும் இருக்கிறது. அதனால் தாழ்வாரப் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைப் பேச்சு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். இலக்கை எட்டினால் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு எல்லோரும் போவோம். ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் ஒரு நூலை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டுகளுக்கு முன் மூவருக்கு மிதிவண்டி, கைக்கடிகாரம், கோப்பை என்று செலவழித்ததோடு ஒப்பிட்டால் 9,600 ரூபாய் அதிகமில்லை. முன்னாள் மாணவர்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாமல் போனால் என்ன செய்வது என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் கிளப்பவில்லை.

பீரோவின் சாவி இதுவரை தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் இருந்தது. நூல் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்பதே அதற்குக் காரணம். இவ்வாண்டு 210 நூல்களையும் தனிப் பதிவேட்டில் எழுதி, கிழிதலுக்கும் தொலைதலுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துக் கையொப்பம் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை முதல் சாவி எட்டாம் வகுப்பில் இருவரிடம் இருக்கும். அந்த இருவரில் ஒருவன், ராக்கெட் படத்தின் இருபத்திரண்டாம் பக்கத்துக்காரன்.